கொக்கி எந்தப் பக்கம்?

பிப்ரவரி 4

அன்புள்ள கல்லுக்கு,

பார்சல் வந்து சேர்ந்தது. அத்தான் கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டிருக்கும்போதே நான் பல்லால் கிழித்துவிட்டேன். இடுப்பில் கட்டிக்கொள்ளும் கறுப்பு பெல்ட், முதுகுப் பக்கம் உட்காரும் தீப்பெட்டி அளவு சென்சார், அதற்குள் நகம் அளவு மெமரி கார்டு, நீ தட்டச்சு செய்த அரைப்பக்க விளக்கம், எல்லாம் இருக்கிறது. ஒரு மிட்டாய்கூட இல்லை. அக்காவுக்குப் பார்சல் அனுப்பும் லட்சணமா இது?

"நீச்சலே தெரியாதவன் நீச்சலை அளக்க மெஷின் செய்யறானா?" என்று அத்தானுக்கு ஒரே சிரிப்பு. "சட்டை நனையாம செய்யற ஆராய்ச்சிங்க அது" என்றேன். கோபித்துக்கொள்ளாதே. நீச்சல் வகுப்பின் முதல் நாளே நேராக அடியில் போய் உட்கார்ந்தவன் நீ. கல்லு என்ற பெயரை நானா வைத்தேன்? தண்ணீர் வைத்தது.

விஷயத்துக்கு வருகிறேன். இடது தோளில் ஆபரேஷன் முடிந்து ஏழு மாதம் ஆகிறது. ஏப்ரல் நடுவில் எங்கள் குளத்தில் லைஃப் கார்டுகளுக்கு மறுதேர்வு. முதலில் தனியாக நானூறு மீட்டர் நீந்த வேண்டும். பிறகு மூழ்குகிறவர் மாதிரிக் கிடக்கும் ஒரு பெரிய ஆளைக் குளத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டும். தேறாவிட்டால் வேலையை எடுக்க மாட்டார்கள், டிக்கெட் கவுண்டருக்கு மாற்றிவிடுவார்கள். மேனேஜர் அதை நல்ல செய்தி மாதிரிச் சொன்னார்: "உட்கார்ந்தே பார்க்கிற வேலை மேடம், நல்லதுதானே?" அந்தக் கவுண்டரின் ஜன்னல் தெருப் பக்கம் இருக்கிறது. அங்கே உட்கார்ந்தால் தண்ணீர் தெரியாது, குழந்தைகள் குதிக்கிற சத்தம் மட்டும் முதுகுக்குப் பின்னால் கேட்கும். யாராவது கத்தினால் விளையாட்டுக்குக் கத்துகிறார்களா நிஜமாகவா என்று நான் பார்க்கக்கூட முடியாது.

அதனால் உன் மெஷின் சொல்லட்டும், தோள் தேறிவிட்டதா இல்லையா என்று. டாக்டர் "மெதுவா, மெதுவா" என்பதைத் தவிர வேறு வார்த்தை பேசுவதில்லை.

காலையில் குளம் திறக்கும் முன் கட்டிக்கொண்டு நீந்தினேன். ஒரு குறை. பச்சை விளக்கு எரிகிறதா என்று கண்ணாடியில் திரும்பிப் பார்த்தால் தெரியும் என்று எழுதியிருக்கிறாய். கழுத்து சுளுக்கியதுதான் மிச்சம். வீட்டில் கட்டிப் பார்த்தபோது அத்தான் குனிந்து பார்த்துத்தான் சொன்னார். கார்டை இதோடு வைத்திருக்கிறேன். போனில் பேசு என்று சொல்லாதே. போனில் பேசினால் நாம் மூன்றாவது நிமிடம் சண்டை போடுவோம். எழுதினால் தபால் வந்து சேர்வதற்குள் பாதிக் கோபம் ஆறிவிடும்.

அக்கா

*

பிப்ரவரி 11

அன்புள்ள அக்கா,

நின்றுகொண்டு படிக்காதே, உட்கார். நல்ல செய்தி.

நீந்தும்போது ஒவ்வொரு கை இழுப்புக்கும் உடம்பு ஒரு பக்கமாக உருளும். எந்தப் பக்கம் எவ்வளவு உருள்கிறது, அந்த இழுப்பில் எவ்வளவு முன்னால் பாய்கிறாய் என்பதை சென்சார் பதிந்துகொள்ளும். கிராஃபில் இடது கைக்கு ஒரு மேடு, வலது கைக்கு ஒரு மேடு என்று மாறி மாறி வரும். உன் இடது மேடுகளைப் பார்த்ததும் பக்கத்து மேசை நண்பனைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஆபரேஷன் செய்த தோள் என்று சொன்னால் நம்பவே இல்லை. அவ்வளவு பிரமாதம்.

சொங்கியாக இருப்பது உன் வலது கைதான். ஏழு மாதமாக எல்லோரும் இடது தோளையே தாங்கியதில் அது சோம்பேறி ஆகிவிட்டது போலிருக்கிறது. நீ செய்ய வேண்டியது இதுதான்: இடது கையைப் பொத்திப் பொத்தி வைக்காமல் முழு வேகத்தில் போடு. தினமும் முடிவில் வலது கையால் மட்டும் தனியாக நான்கு நீளம், அதாவது முனைக்கு முனை நான்கு தடவை, நீந்து. ஏப்ரலில் நீ தேறாவிட்டால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன். ஏற்கெனவே மாற்றித்தான் வைத்திருக்கிறாய்.

விளக்கு தெரியாததெல்லாம் ஒரு குறையா? அடுத்த மாடலில் பார்க்கலாம். அது சரி, கடிதம் முழுக்க மை இழுபட்டிருக்கிறதே, துடைப்பத்தால் எழுதினாயா?

உன் தம்பி

(மிட்டாய் உள்ளே இருக்கிறது. அத்தானுக்கும் ஒன்று கொடு.)

*

பிப்ரவரி 20

அன்புள்ள கல்லு,

வயிற்றில் பால் வார்த்தாய். கடிதத்தைப் படித்துவிட்டு அத்தானிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டுப் போய் எனக்கு ஒரு காப்பி போட்டுக்கொண்டு வந்தார். பதினெட்டு வருடத்தில் அவராகப் போட்ட மூன்றாவது காப்பி. வாய் வைக்க முடியவில்லை, இருந்தாலும் குடித்தேன்.

மறுநாளே மேனேஜர் அறைக்குப் போய், "கவுண்டருக்கு வேற ஆளைப் பாருங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். தலைகால் புரியவில்லை எனக்கு. நீ சொன்னபடியே செய்கிறேன். இடதுக்கு முழு வேகம், முடிவில் வலது கைக்குத் தனியாக நான்கு நீளம். ஒற்றைக் கையால் நீந்துகிறவளைப் பார்த்துக் குழந்தைகள் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

ஒன்றே ஒன்று. அலமாரியின் மேல்தட்டிலிருந்து டம்ளர் எடுக்கும்போது இடது தோளில் சுருக்கென்று ஒன்று இழுக்கிறது. நல்ல தோள் என்று நீ சொன்ன பிறகும் ஏன் இழுக்கிறது? இரண்டாவது கார்டைப் பார்த்துச் சொல்.

மை என்றைக்குத்தான் என் எழுத்தில் இழுபடாமல் இருந்தது? இத்தனை வருடம் கழித்து இப்போதுதான் கண் தெரிந்ததா உனக்கு?

அக்கா

*

பிப்ரவரி 28

அன்புள்ள அக்கா,

கார்டு பார்த்தேன். இடது மேடு இன்னும் உயர்ந்திருக்கிறது. இரண்டு வாரத்தில் இப்படி ஒரு முன்னேற்றத்தை நாங்கள் அளந்த யாரிடமும் பார்த்ததில்லை. ஆய்வகத்தில் எங்கள் மேடம் அடுத்த மாதக் கூட்டத்தில் உன் கிராஃபைக் காட்டச் சொல்லியிருக்கிறார்.

ஆனால் வலது கை இறங்கியிருக்கிறது. தப்பாக நினைக்காதே, நான்கு நீளப் பயிற்சியை நீ ஒழுங்காகச் செய்கிறாயா? செய்திருந்தால் இறங்க வழியில்லை.

சுருக்கென்று இழுப்பது பற்றி: எண் பொய் சொல்லாது அக்கா. அந்தத் தோளுக்கு ஒன்றும் இல்லை. பயம் உன் மனதில் இருக்கிறது. ஆபரேஷன் ஆனவர்களுக்கு இது சகஜம் என்று படித்திருக்கிறேன். கண்டுகொள்ளாமல் இன்னும் வேகமாகப் போடு.

உன் தம்பி

*

மார்ச் 7

தம்பிக்கு,

ஒரு நாள் விடாமல் செய்தேன். காய்ச்சல் வந்த அன்றும் செய்தேன். ஒழுங்காகச் செய்கிறாயா என்று கேட்கிறாய். நான் என்ன வீட்டுப்பாடம் எழுதாமல் டீச்சரை ஏமாற்றுகிறவளா?

வலிக்கிறது என்று சொன்னால் "ரொம்ப வலிக்குதா?" என்று கேட்கிறவன் தம்பி. பயம் மனதில் என்று எழுதுகிறவன் யாரென்று எனக்குத் தெரியவில்லை. தண்ணீருக்குப் பயந்து ஊர் ஊராக ஓடினவன் எனக்குப் பயத்தைப் பற்றிப் பாடம் எடுக்கிறாய். நன்றாக இருக்கிறது.

உன் கூட்டத்தில் என் கிராஃபைத் தாராளமாகக் காட்டு. பக்கத்தில் என் தோளையும் வைத்துக் காட்ட முடிந்தால் நன்றாக இருக்கும்.

மூன்றாவது கார்டு இதோடு இருக்கிறது. கோபத்தில் அனுப்பக்கூடாது என்றுதான் இருந்தேன். எனக்கு ரோஷம் கொஞ்சம் குறைவு.

*

மார்ச் 16

கல்லு,

எழுத்து கோணலாக இருக்கும். வலது கையால் எழுதுகிறேன். நேற்றுக் காலை நீந்தி முடித்து ஏணியைப் பிடிக்கப் போனேன், இடது கை மேலே எழும்பவில்லை. அத்தான்தான் சட்டை மாட்டிவிட்டார். இன்று பிசியோவிடம் போகிறோம்.

நீ பதில் போடவில்லை. பெல்ட்டைப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

இதற்கு மேல் எழுத இந்தக் கைக்கு வராது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

*

மார்ச் 20

அக்கா,

கடிதம் கையில் இருக்கிறது. முதலில் ஏதோ குழந்தை எழுதியது என்று நினைத்தேன். "வலது கையால் எழுதுகிறேன்" என்ற வரியைப் படித்ததும் உன் பழைய கடிதங்களைத் தேடி எடுத்தேன்.

நீ பீச்சாங்கைக்காரி.

இதை நான் மறப்பேனா? சாப்பாட்டு மேசையில் உன் இடது முழங்கையும் என் வலது முழங்கையும் இடித்துக்கொள்ளாமல் நாம் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. அம்மா உன்னை இடது ஓரத்தில் உட்கார வைத்த பிறகுதான் வீட்டில் சண்டை ஓய்ந்தது. உன் எழுத்தில் ஏன் மை இழுபடும் என்று எனக்குத் தெரியாதா? அதைக் கிண்டல் வேறு செய்தேன்.

கடிதத்தை வைத்துவிட்டு ஆய்வகத்திலிருந்த இன்னொரு பெல்ட்டை எடுத்துக்கொண்டு குளியலறைக் கண்ணாடி முன்னால் போய் நின்றேன். கொக்கியைக் கையில் எடுத்து எதிர்ப்பக்கத்தில் சொருகவும் என்று விளக்கத்தில் எழுதியிருக்கிறேன். எந்தக் கை என்று எழுதவில்லை. எல்லோருக்கும் ஒரே கைதானே என்று நினைத்த பெரிய மூளை என்னுடையது. இப்போது கொக்கியை இடது கையில் எடுத்துச் சொருகினேன். பெல்ட் தலைகீழாக வந்து உட்கார்ந்தது. பச்சை விளக்கு கீழ் ஓரத்தில். குனிந்தால்தான் தெரியும். முதல் கடிதத்திலேயே நீ சொன்னாய் அக்கா, அத்தான் குனிந்து பார்த்தார் என்று.

சென்சார் தலைகீழானால் அதற்கு இடது வலதாகும், வலது இடதாகும். முன்னால் பாய்வதன் திசையும் மாறும், ஆனால் எங்கள் மென்பொருள் அதன் அளவை மட்டும்தான் எடுக்கும், அதனால்தான் எனக்குச் சந்தேகமே வரவில்லை. பிரமாதம் என்று நான் கொண்டாடியது உன் வலது கையை. நீ தினமும் ஒழுங்காகச் செய்த பயிற்சியில் உயர்ந்துகொண்டே போனதும் அதுதான். சொங்கி என்று நான் சொன்னது உன் இடது தோள். அது வலிக்கிறது என்று நீ சொல்லச் சொல்ல, இன்னும் வேகமாகப் போடு என்று நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

தோள் உன்னிடம் சரியாகத்தான் சொன்னது, நீ என்னிடம் சரியாகத்தான் சொன்னாய். நான்தான் கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரன் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தான்.

உன் மார்ச் 7 கடிதத்துக்குப் பதில் போடாதது திமிரில்தான். பிசியோ என்ன சொன்னார் என்று உடனே எழுது. கையால் முடியாவிட்டால் அத்தானை எழுதச் சொல்.

உன் தம்பி

*

மார்ச் 27

அன்புள்ள கல்லு,

இடது கையால்தான் எழுதுகிறேன், மெதுவாக. மை இழுபட்டிருப்பதைப் பார்த்துச் சந்தோஷப்படு.

உன் கடிதத்தைப் படித்து முதலில் சிரித்தேன். நிஜமாகவே சிரித்தேன், அத்தான் பயந்துவிட்டார். அப்புறம் அடுப்படியில் நின்று கொஞ்சம் அழுதேன். தோள் போனதற்காக அழவில்லை. ஒரே மேசையில் இடித்து இடித்துச் சாப்பிட்டவன் என்னை இவ்வளவு மறந்துவிட்டானே என்றுதான். எழுதிவிட்டேன். இனிமேல் இதைப் பேசப்போவதில்லை, ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் சொல்லிக் காட்டுவேன் என்பதைத் தவிர.

பயப்படாதே. தையல் எதுவும் பிரியவில்லை. வீக்கம்தான் என்கிறார் பிசியோ. "தலைக்கு மேல தூக்காதீங்க, பிடிக்கலாம், தாங்கலாம், அதுக்கு ஒண்ணும் ஆகாது. மூணு மாசத்துல சரியாயிடும்" என்றார். ஆனால் தேர்வை மூன்று மாதம் தள்ள மேனேஜருக்கு அதிகாரம் இல்லையாம். ஏப்ரல் 14 என்றால் ஏப்ரல் 14தான்.

அதனால் ஒரு யோசனை. எந்த நீச்சலில் வேண்டுமானாலும் நீந்தலாம் என்று விதி இருக்கிறது. நான் பக்கவாட்டில் படுத்து நீந்தப் போகிறேன், வலது கையால் மட்டும் இழுத்து. நேற்று முயற்சி செய்தேன். கல்லு, என் வலது கை எப்படி இழுக்கிறது தெரியுமா? நீ தப்பாகச் சொல்லிக் கொடுத்த நான்கு நீளத்தைக் கர்மசிரத்தையாகச் செய்ததன் பலன். முன்பெல்லாம் ஆளை இழுக்கும்போது வலது கையால் பிடித்துக்கொண்டு இடது கையால்தான் நீந்துவேன். இப்போது இடது பிடித்துக்கொள்ளட்டும், வலது இழுக்கட்டும்.

இன்னொரு சிக்கல். மூழ்குகிறவராகக் கிடக்க ஆள் வேண்டும். வழக்கமாக எனக்குக் கிடப்பவளுக்கும் அதே நாளில் தேர்வு. "வெளி ஆளைக் கூட்டிட்டு வாங்க, உங்க எடைக்குக் குறையக்கூடாது" என்கிறார் மேனேஜர். அத்தான் என்னைவிட மெலிந்தவர் என்பது ஊருக்கே தெரிந்த ரகசியம். யாரைப் பிடிப்பது என்று தெரியவில்லை.

அக்கா

*

ஏப்ரல் 2

அன்புள்ள அக்கா,

கூட்டம் முடிந்தது. உன் கிராஃபைக் காட்டவில்லை. பெல்ட்டைத் தலைகீழாகக் கட்டிக்கொண்டு முன்னால் போய் நின்று நடந்ததைச் சொன்னேன். முதலில் எல்லோரும் சிரித்தார்கள், பிறகு மேடம் எழுந்து, "இங்க எத்தனை பேர் இடதுகை?" என்று கேட்டார். நான்கு பேர் கை தூக்கினார்கள். இத்தனை நாள் அவர்களோடுதான் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன்.

13ஆம் தேதி மாலை ரயிலில் வருகிறேன்.

நான் கிடக்கிறேன். எடை விஷயத்தில் உனக்குக் கவலையே வேண்டாம். ஆய்வகத்து பிஸ்கட் எல்லாம் என் உடம்பில்தான் இருக்கிறது. மூழ்குகிறவன் மாதிரி நடிக்கவும் வேண்டியதில்லை. குளத்தின் ஆழமான பக்கத்தையும் தாண்ட வேண்டும் என்று எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். ஆனாலும் வருகிறேன்.

உன் தம்பி

*

ஏப்ரல் 18

அன்புள்ள கல்லு,

ஊர் போய்ச் சேர்ந்தாயா? துண்டை மறந்துவிட்டாய், ஒரு செருப்பை மறந்துவிட்டாய். இன்னொரு செருப்போடு எப்படி ரயிலேறினாய் என்று நானும் அத்தானும் பேசிப் பேசிச் சிரிக்கிறோம்.

மேனேஜர் இன்று கடிதம் கொடுத்தார். தேறிவிட்டேன் என்று அன்றே வாயால் சொன்னார், ஆனாலும் தாளில் பார்க்கும்போது தனிச் சந்தோஷம். தோள் முழுக்கச் சரியாகும்வரை குழந்தைகள் குளத்தின் பக்கம் மட்டும் வேலை. இடுப்பளவு தண்ணீர். போதும் எனக்கு, தண்ணீர் தெரிகிறது. நானூறு மீட்டரில் கொஞ்சம் மெதுவாகத்தான் வந்தேனாம். "ஆனா ஆளை இழுத்துட்டு வந்தீங்களே மேடம், கயிறு கட்டி இழுத்த மாதிரி" என்றார். அவர் இப்படியெல்லாம் பேசுவார் என்று எனக்குத் தெரியாது.

நீ ஏணியில் இறங்கியபோது உன் முகத்தைப் பார்த்து, வேண்டாம் போ என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். உதடெல்லாம் வெளுத்துவிட்டது. பெல்ட்டையும் கட்டிக்கொண்டு இறங்கினாயே, அந்த நிலைமையிலும் ஆராய்ச்சியா? உன் நெஞ்சின் மேல் இடது கையைப் போட்டுப் பிடித்தபோது நீ கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டிருந்தாய். என் கையே உன்னோடு சேர்ந்து ஆடியது.

பாதி வழியில் உன் காதருகே ஒன்று சொன்னேன். மூழ்குகிறவர் பேசக்கூடாது என்று விதி, அதனால் நீ பதில் சொல்லவில்லை. அப்புறம் வீட்டுக்கு வந்து அத்தானோடு பேசி, சாப்பிட்டு, அவசரமாக ரயிலுக்கும் போய்விட்டாய். கேட்க நேரமே இல்லை. காதில் விழுந்ததா, தண்ணீர்ச் சத்தத்தில் போய்விட்டதா?

அக்கா

*

ஏப்ரல் 25

அன்புள்ள அக்கா,

ஒரு கால் செருப்போடுதான் வந்தேன். எதிர் இருக்கைக் குழந்தை வழி முழுக்க என் காலையே பார்த்துக்கொண்டு வந்தது.

புது பெல்ட் அனுப்பியிருக்கிறேன். இதில் கொக்கி இரண்டு பக்கமும் சொருகும், சென்சாரில் மேலே கீழே என்று அம்புக்குறி போட்டிருக்கிறேன். தலைகீழாகக் கட்டினால் விளக்கு சிவப்பாகும். தோள் ஆறும்வரை தொடாதே. வலித்தால் எழுது. முதலில் "ரொம்ப வலிக்குதா?" என்று கேட்பேன், அப்புறம்தான் கார்டைப் பார்ப்பேன்.

அன்றைக்கு நான் கட்டியிருந்த பெல்ட்டின் கார்டை நேற்றுத்தான் போட்டுப் பார்த்தேன். இழுத்துச் செல்லப்படுகிறவர்களின் அசைவை யாரும் அளந்ததில்லை என்று மேடத்திடம் சொல்லித்தான் எடுத்து வந்தேன், ஆனால் நிஜத்தில் கையில் ஏதாவது ஒரு வேலை இருந்தால் பயம் குறையும் என்றுதான். எங்கள் மென்பொருள் அதைப் படித்துவிட்டு "நீச்சல் எதுவும் இல்லை" என்று எழுதியது. அதற்கென்ன தெரியும், சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

கோடுகளை நானே உட்கார்ந்து பார்த்தேன். தொடக்கத்திலிருந்து ஒரே பல் பல்லாக இருக்கிறது, ரம்பம் மாதிரி. அதுதான் என் நடுக்கம். அதன் அடியில் சீராக ஒரு பெரிய அலை வந்துகொண்டே இருக்கிறது, அது உன் வலது கையின் இழுப்பு. இரண்டும் குளத்தின் பாதிவரை சேர்ந்து வருகின்றன. பாதியில் ஓர் இடத்தில் பற்கள் மெல்லக் குறைந்து, அப்புறம் இல்லவே இல்லை. மறுமுனைவரை உன் இழுப்பு மட்டும்தான் இருக்கிறது.

அந்த இடத்தில்தான் நீ சொன்னாய்: "பயப்படாதடா கல்லு. ஆபரேஷன் பண்ணின கைதான் பிடிச்சிருக்கு. இது விடாது."

காதில் விழுந்தது அக்கா.

உன் தம்பி